ஆணி அடிக்காத வீடு

மண்டபத்தில் குடி வந்த அன்றைக்கு
சாவியோடு ஒரு வார்த்தையும் கொடுத்தார் சீனி காதர்:
"ஒரு ஆணிக்கு ஒரு மாச அட்வான்ஸ் போயிரும், பாத்துக்கங்க."

செல்டன் தடைக்காலத்தில் படகுக்குப் பச்சை அடிப்பவன்.
பச்சையும் வெள்ளையும் ஒன்றையொன்று தொடாமலிருக்க
அவன் ஒட்டுகிற நீல டேப்,
பாதி தீர்ந்ததும்
மணிக்கட்டில் வளையலாக ஏறி வீட்டுக்கு வரும்.

முதலில் குடத்துக்கு.
நல்லதண்ணி லாரி வந்தால் வரிசையில் முப்பது குடம்,
முப்பதும் ஒரே ஆரஞ்சு.
கழுத்தில் நீலம் சுற்றியது எங்களுடையது.
மறுவாரம் லூர்தம்மாளும் சுற்றினாள்.
நான் இரண்டு சுற்று சுற்றினேன்.

அப்புறம் டப்பாக்களுக்கு.
பருப்புக்கெல்லாம் பெயர் வேண்டாம், பார்த்தாலே தெரியும்.
சீனி, தூள் உப்பு, சோடா மாவு,
மூன்றும் வெள்ளை உடுத்தி நிற்கிற சகோதரிகள்.
எழுதி ஒட்டிய பிறகு
அவன் டீயில் உப்பு விழவில்லை.
விழுந்த ஒரு நாள்
அது தெரியாமல் விழுந்ததல்ல.

டம்ளர் உடைந்தால்
பசை வெளியே தெரிய விரலில் சுற்றி
தரையை ஒத்தி ஒத்தி எடு.
கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியும் ஒட்டிக்கொண்டு வரும்.

கச்சான் கிளம்பினால் கிழிந்த குரலில் விசிலடிக்கும் ஜன்னல்.
இடுக்கில் ஒரு முழம். வாயை மூடிக்கொள்ளும்.

மாதா படத்தை மட்டும் தாங்கவில்லை.
நாலு மூலைக்கும் நாலு துண்டு போட்டும்
நடுராத்திரியில் இறங்கி வந்துவிட்டாள்.
பீரோ மேல் வைத்தோம்.
காலண்டர் நின்றது, அது கனமில்லாதது.

நான் நண்டுக் கம்பெனிக்குப் போகிற நாட்களில்
இருமல் மருந்துக் குப்பியில் மூன்று துண்டு,
காலை, மதியம், ராத்திரி.
குடித்ததும் ஒன்றை ரின்சி உரித்துவிட வேண்டும்.
சாயங்காலம் குப்பியைப் பார்த்தால் போதும்,
மகளை விசாரிக்க வேண்டாம் என்றிருந்தேன்.
துண்டை உரித்து
மருந்தை முருங்கைக்கு ஊற்றியது பிறகுதான் தெரிந்தது.
முருங்கை இருமவில்லை.

"பதினாலு நாள்தான்" என்பான் செல்டன்,
"அதுக்கு மேல விட்டா பசை சுவத்தோட குடும்பம் நடத்தும்."
ஆகவே மாதம் இரண்டு தடவை
எல்லாவற்றையும் உரித்து
அதே இடத்தில் புதிதாக ஒட்டினேன்:
காலண்டரின் நாலு மூலை,
சார்ஜர் ஒயரைப் பிடித்திருந்த துண்டுகள்,
கதவோரம், பள்ளிக்கூடம் திறக்கும்தோறும் ரின்சியை நிற்கவைத்து
தலைக்கு மேல் ஒட்டிய கோடு.
முதல் வருசம் ஒன்று.
நாலாம் வருசம் நாலு.

குவைத்திலிருந்து மகள் வருகிறாளாம், வீடு வேண்டுமாம்.

கடைசி நாள்
ஒவ்வொன்றாக, சுவரோடு படிய மடக்கி
மெதுவாக இழுத்தேன். வேகமாக இழுத்தால்
சுண்ணாம்பும் கூடவே வரும்.
எல்லாம் சேர்ந்து
ஒரு எலுமிச்சம்பழம் அளவு நீல உருண்டை.

மூக்குக்கண்ணாடியும் டார்ச்சுமாக
அறை அறையாகப் பார்த்தார் சீனி காதர்.
ஆணித் துளை இல்லை. பசை இல்லை.
கதவோரம் டார்ச் நின்றது.
உப்புக்காற்று குடித்துப் பழுத்துப்போன சுவரில்
பளிச்சென்று நாலு வெள்ளைக் கோடு,
ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

"இதென்னம்மா?"

"உங்க சுவருதான் பாய்.
நாங்க வந்தப்ப எல்லா இடமும் இப்பிடித்தான் இருந்துச்சு."

அடிக்கோட்டுக்குக் குனிந்தார்.
மேல்கோட்டுக்கு நிமிர்ந்தார்.
வாசலில் ஆட்டோக்காரனோடு வழக்காடிக்கொண்டிருந்த
ரின்சியைத் திரும்பிப் பார்த்தார்.
அட்வான்சை எண்ணிக் கொடுத்தார்.
குழாய் ஒழுகுகிறதென்று இருநூறு பிடித்துக்கொண்டார்.

தங்கச்சிமடம் போகிற வழியெல்லாம்
குடம் என் மடியில்.
கழுத்தில் இரண்டு சுற்று.
அதை மட்டும் உரிக்கவில்லை,
அங்கேயும் லாரி வரும்.